பூ சொன்ன புத்தகம்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், வேடியப்பன் படத்துக்குக் கீழே ஒரு செஸ் புத்தகம் இருக்கிறது. செங்கல் பருமன். அட்டையில் மஞ்சளும் குங்குமமும். வெள்ளிக்கிழமை தோறும் படத்தைத் துடைக்கும்போது அதையும் துடைத்து வைக்கிறேன். எடுத்துவிட மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. ஜவ்வாது மலையில் சாமை விதைத்து, நாலு புளியமரத்தை வைத்துப் பிழைக்கிற குடும்பம். செஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மகளால். அவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் போர்டு கொடுத்து ஆடச் சொன்னார்கள். மூன்றே மாதத்தில் கூடப் படிக்கிறவர்களை எல்லாம் ஜெயித்துவிட்டாள். வீட்டில் போர்டு இல்லை. அட்டையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டைகளைச் சிப்பாய்களாக நிறுத்தி, பாட்டில் மூடியை ராஜாவாக வைத்து, இரண்டு பக்கமும் அவளே ஆடுவாள். ஒரு நல்ல நகர்த்தல் கிடைத்துவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஒன்றிய அளவில் முதலாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. ஒரு நல்ல புஸ்தகமா வாங்கிக் குடுங்க. அது படிச்சுக்கும்."

விதை வாங்கச் செங்கம் போன அன்று, பள்ளிக்கூடப் புத்தகங்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு எந்த லெவலுங்க?"

"பத்தாவது."

"படிப்பக் கேக்கலீங்க. ஆட்டத்துல எந்த லெவல்?"

"ஒன்றியத்துல பஸ்ட்டுங்க."

அவர் சிரித்தார். இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று மெலிசு, தமிழ், பக்கத்துக்கு நாலு படம். இன்னொன்று இந்தப் பெரியது. இங்கிலீஷ். உள்ளே படம் அபூர்வம். எழுத்தும் எண்ணுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி வரி வரியாகப் போனது.

"கெட்டி புஸ்தகம் பெரிய ஆட்டக்காரங்களுக்கு. சின்னது நடுவுல இருக்கறவங்களுக்கு. எது சரின்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குது. பொண்ண இட்டாந்து நடுவுல ஒரு பக்கத்தத் தொறந்து, அதுல இருக்கற ஆட்டக் கணக்கு பத்து போடச் சொல்லுங்க. ஏழு எட்டு போட்டா அதான் அதுக்கான புஸ்தகம். பத்தும் போட்டா அது தாண்டிட்ச்சு. ரெண்டு மூணுதான் வருதுன்னா இன்னும் நேரம் வரல."

சொல்லிக்கொண்டே சின்னதைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். ராஜா மூலையோரமாக நிற்கிறார். முன்னால் அவருடைய மூன்று சிப்பாய்கள் வரிசையாக. எதிரியின் யானை கடைசி வரிசையில் வந்து இறங்கியிருக்கிறது. "பாத்தீங்களா? காவலுக்கு நின்ன ஆளுங்களே வழிய அடச்சிட்டாங்க. ராஜாவுக்குப் போக எடமில்ல." எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனாலும் அந்தப் படம் புரிந்தது.

மகளை அழைத்து வர இன்னொரு நாள் பஸ் மாறி வரவேண்டும், அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும். தயங்கினேன். அவரே, "ரெண்டையும் எடுத்துனு போங்க. வேணாங்கறத அடுத்த வாட்டி வர்றப்போ குடுங்க" என்றார். நல்ல மனுஷன்.

அவர் சொன்ன வழி எளிசானது. வீட்டுக்குப் போய் இரண்டையும் மகள் முன்னால் பிரித்து வைத்திருந்தால் போதும். நான் அதைச் செய்யவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் வேடியப்பனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து, மனசுக்குள் இதற்கு இது, அதற்கு அது என்று நினைத்துக்கொண்டு சாமி காலடியில் போடுவோம். விஷயம் தெரியாத ஒருவர் ஒன்றை எடுக்கவேண்டும். எங்கள் கிணறு அப்படிக் கேட்டுத் தோண்டியதுதான். இன்றைக்கும் வற்றவில்லை. அப்படிப்பட்ட சாமியிடம், பெண்ணின் எதிர்காலத்தைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

பெரிய புத்தகத்துக்குச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவள் என் மனைவி. சிவப்பு அரளி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையைச் சொல்வதானால், அது வரவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். பெரிய புத்தகம், பெரிய ஆட்டம். சிவப்புப் பொட்டலத்தை அவள் கைக்கு எட்டினாற்போல வைத்தேனோ என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

புத்தகத்தைப் பார்த்ததும் மனைவி சொன்னாள். "இன்னாய்யா இது, இம்மாம் பெருசு? படிக்கவா, தலைக்கு வச்சிப் படுக்கவா?"

"சாமி குடுத்ததுடி. வாய அடக்கு" என்றேன்.

மகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சின்னது அடுத்த வாரமே கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. அதை அவள் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அதைப் பிரிப்பாள். அர்த்தம் புரியாத இடத்தில் இங்கிலீஷ் டீச்சரைக் கேட்பாள். அவருக்கு ஆட்டம் தெரியாது. கடைசியில் வரிகளை அப்படியே மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். மந்திரம் மாதிரி எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள். எனக்குக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. அட்டையும் புளியங்கொட்டையும் மூலைக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. சிரிப்பு நின்றதையும்.

ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். "ப்பா, இதவிடச் சின்னதா வேற புஸ்தகம் இருக்குதா?"

"இருந்துச்சு. சாமிதான் இத எடுத்துக் குடுத்துச்சு. படிம்மா, வரும்" என்றேன்.

அவள் அப்புறம் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டி திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பெற்றோர் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். என் மகள் ஜன்னலை ஒட்டிய மேஜை. ஆரம்பத்தில் மளமளவென்று ஆடினாள். எதிரில் இருந்த பெண் ஏதோ ஒரு காயை நகர்த்தினாள். என் மகள் கை அப்படியே நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. மனப்பாடம் செய்த வரியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நகர்த்தல் அவள் வரியில் இல்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் அவளாக யோசித்து ஆடியதாக எனக்குத் தோன்றவில்லை. பயந்து பயந்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

கடைசியில் எதிராளியின் யானை நேராக வந்து இறங்கியது. நான் பார்த்தேன். மூலையோரம் ராஜா. முன்னால் மூன்று சிப்பாய்கள். கடைக்காரர் எனக்குக் காட்டிய அதே படம். ஆட்டமே தெரியாத எனக்கு அது தெரிந்திருந்தது. அவள் கண்ணில் அது பட நான்தான் விடவில்லை.

மீதி ஆட்டங்களிலும் தோற்றாள். பஸ்ஸில் மலை ஏறினோம். ஊர் வரும்போது சொன்னாள். "சாமியே எடுத்துக் குடுத்துச்சு. அதையே என்னால படிக்க முடியலன்னா எனக்கு மூள இல்லன்னுதானப்பா அர்த்தம்?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரமே செங்கத்துக்கு ஓடி அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கி வந்தேன். மகள் அதைப் புரட்டக்கூட இல்லை.

"இது எதுக்குப்பா? இத வேணாம்னு சாமி சொல்லிச்சே."

"சாமி தப்பா சொல்லலம்மா. நான்தான் எடந்தெரியாம கேட்டுட்டேன். உன்னத்தான் கேட்டிருக்கணும்."

"சாமியவிட எனக்கு இன்னாப்பா தெரியும்?"

அப்படிச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லி வளர்த்திருக்கிறேன். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? வேறு பூ போட்டுக் கேட்கலாம் என்றாள் மனைவி. ஒரு காரியத்துக்கு இரண்டு தடவை கேட்கக் கூடாது. அது சாமியைச் சந்தேகப்படுவது. கேட்கவில்லை.

விளையாட்டு டீச்சர் மறு வருஷம் போட்டிக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மகள் போகவில்லை. இப்போது பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். பள்ளி அணியில் ஆடுகிற காலம் முடிந்துவிட்டது.

நான் மட்டும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்கிறேன். கடைக்காரர் கணக்குப்படி எனக்குப் பத்துக்கு மூன்றுதான் வருகிறது. போன மாதம் ஒரு சாயங்காலம், அவளுடைய பழைய அட்டையை எடுத்து, புளியங்கொட்டைகளை வைத்து, அந்தப் படத்தை அப்படியே அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் மூடி ராஜா, முன்னால் மூன்று கொட்டை. மகள் முறத்தில் சாமையோடு அந்தப் பக்கமாக வந்தாள். நின்றாள். குனிந்து, ஓரத்துக் கொட்டையை ஒரு விரலால் ஒரு கட்டம் முன்னால் தள்ளிவிட்டாள். ராஜாவுக்கு வழி கிடைத்துவிட்டது.

"வா, உக்காரும்மா. ஒரு ஆட்டம்" என்றேன்.

"வேல கெடக்குதுப்பா" என்றாள். சிரிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கேற்றும் நேரம் ஆகியிருந்தது. எழுந்து போய் ஏற்றினேன். கும்பிட்டேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.