அக்காவின் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

“…நானே மடக்க முடியாத துப்பாக்கி எனக்கு இன்னாத்துக்கு சார்? என் தம்பி மடக்கிக் குடுத்து நான் சுட்டா அது அவன் துப்பாக்கி. எனக்கு ஏத்த மாரி ஒண்ணு குடுங்க.”

துப்பாக்கிக் கடையில் அக்கா இப்படிச் சொன்ன இடத்திலிருந்துதான் எனக்கு இதை எழுத வருகிறது. அவர் பேச்சு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்து பேசுவது போலத்தான் எழுதுகிறேன், உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஊரப்பாக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில். பெற்றோருக்கு மூத்த பிள்ளை. அம்மா சீக்கிரமே போய்விட, எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். செம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா கம்பெனி பஸ் ஓட்டினார். அதிர்ந்து பேசாத மனிதர். பிள்ளைகள் இல்லை என்ற குறையை இருவரும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. மாமா ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதற்குப் பிறகு அக்கா எங்களிடமே வந்துவிட்டார்.

வந்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் நிலத்தில் இறங்கினார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னேன். “வூட்ல குந்திகினு இருந்தா வர்றவங்க எல்லாம் அழுவாங்கடா. கழனியில நின்னா இன்னா போட்டுகீறேன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்றது சுலபம்” என்றார்.

அந்த நிலம் எவ்வளவு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று பக்கமும் வீடுகள், நாலாவது பக்கம் ஏரிக்கரை. நடுவில் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் மார்கழியில் வேர்க்கடலை போடுவார். பங்குனிக் கடைசியில் பிடுங்குவார். வீடுகள் பெருகப் பெருகச் சாக்கடையும் குப்பையும் பெருகின. அவற்றோடு பெருச்சாளியும் வந்தது. கடலை காய் பிடிக்கும் நேரம் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக வரிசை வரிசையாகத் தோண்டிவிடும். விடிந்து பார்த்தால் செடி நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

கூண்டு வைத்தோம். ஒன்று மாட்டியது. மற்றவை அந்தக் கூண்டைச் சுற்றிக்கொண்டு போயின. அடுத்து விஷ உருண்டை வைத்தோம். பக்கத்துக் காலனியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்றே அழைப்பவர், அவருடைய நாய் வேலி தாண்டி வந்து அதைத் தின்று செத்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கா நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “நான்தான் சார் வெச்சேன்” என்றார். சார் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு எங்கள் நிலத்தில் விஷம் நின்றது.

இரண்டு வருஷம் தொடர்ந்து விளைச்சல் போனது. நிலத்தை வீடு கட்டுபவருக்குக் கொடுத்துவிடலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். அக்கா மறுக்கவில்லை. “இந்த ஒரு தடவ போட்டுப் பாக்கறேன். இதுவும் போச்சுன்னா எங்க கையெழுத்து வேணுமோ போடறேன்” என்று மட்டும் கேட்டார். அந்த மார்கழியில் விதைத்தார். தை மாதம், செடி பூ வைக்கிற சமயத்தில், துப்பாக்கி வாங்க வேண்டும் என்றார்.

வீட்டில் சிரிப்பு. என் மனைவியின் தம்பிக்கு மட்டும் குஷி. “பாயிண்ட் டூ டூ ரைபிள் வாங்குக்கா. ஒரே அடி.”

“அடிச்சா எலியோட நிக்குமா, எலிக்குப் பின்னாடியும் போவுமா?”

“பவர்க்கா அது. எங்க வேணா போவும்.”

“எலி செத்தா போதும்பா. எதிர் வூட்டு ஃபிரிட்ஜ் சாவ வேணாம்.”



ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. பாயிண்ட் டூ டூ என்றால் லைசென்ஸ் வேண்டும், விசாரணை உண்டு, உங்கள் கடலை அதுவரை காத்திருக்காது என்றார். காற்றழுத்தத்தில் சுடும் பாயிண்ட் ஒன் செவன் செவன் துப்பாக்கி, அதுவும் சட்டம் சொல்லும் சக்திக்கு உட்பட்டது, லைசென்ஸ் இல்லாமல் கிடைக்கும், அடையாள அட்டை நகல் கொடுத்தால் போதும். அதிலும் வெளிநாட்டுச் சரக்கின் விலையைக் கேட்டு நான் இரண்டடி பின்வாங்கினேன். நம் ஊரில் செய்தவை எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தன. “விலைய மட்டும் பாக்காதீங்கம்மா. விசைய இழுக்கறப்போ துப்பாக்கி ஆடுதான்னு பாருங்க. ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கித்தான் காத்து ஏத்தணும். உங்க கை ஒத்துக்குதான்னு பாருங்க” என்று முதலில் ஒரு கனமான துப்பாக்கியைக் கொடுத்தார். அது அக்காவுக்கு மடங்கவில்லை. மடக்கிக் கொடுக்க நான் கை நீட்டினேன். அப்போதுதான் அந்தப் பேச்சு. அதன் மீதியைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கி வந்த துப்பாக்கியை அக்கா உடனே தொடவில்லை. வீடு வீடாகச் சொல்ல வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு அழைப்பது போல, என் மனைவி வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்த தட்டைப் பிடித்துக்கொள்ள, அக்கா துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, நிலத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றார்கள். “ஏரிக்கரையப் பாத்துகினுதான் சுடுவேன். குண்டு கரை மண்ணுலதான் போய்ச் சேரும். காலைல கொஞ்ச நேரம், அவ்ளோதான். பசங்கள மட்டும் உள்ள வெச்சுக்கங்க.” காவல் நிலையத்துக்கும் போய் இதையே சொன்னார். அங்கே தட்டு கொண்டுபோகவில்லை.

சார் வீட்டுக்குக் கடைசியாகப் போனார்கள். அவர் கதவைத் திறந்து, தட்டையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். “என் சர்வீஸ்ல கன் காட்டி மிரட்டினவங்களைப் பத்தி சர்க்குலர் வந்திருக்கு. கன் காட்டி வெத்தலை பாக்கு குடுக்கறவங்களை இப்பத்தாம்மா பாக்கறேன்” என்றார். வெற்றிலை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து, அக்கா நிலத்தில் இருக்கும் நேரமெல்லாம், தன் வீட்டு கேட்டருகே நின்று தெருப் பிள்ளைகளை உள்ளே அனுப்பும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

அக்கா கரையோரம் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகினார். சிரட்டையில் பட ஆரம்பித்த பிறகுதான் கரையடியில் இருந்த வளையைப் பார்த்துத் திரும்பினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, விடிகிற வெளிச்சத்தில், வளைக்குத் திரும்புகிற பெருச்சாளிக்காக அசையாமல் காத்திருப்பார். அருகில் வந்தால்தான் சுடுவார். குறி சரியில்லை என்றால் விட்டுவிடுவார். “அரகொறயா அடிச்சு உட்டா அது எங்கியோ போய் நாள் கணக்கா சாவும். அதுக்கு விஷமே மேல்” என்பார்.

பால்கனியிலிருந்து யாராவது கேட்பார்கள், “ஆன்ட்டி, இன்னிக்கு எத்தனை?”

“இன்னிக்கு நான் ஒண்ணும் சுடல, அதுங்களும் ஒண்ணும் துன்னல. ரெண்டு பேருக்கும் லீவு.”

சார் ஒருநாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நீங்க லெஃப்ட் ஹேண்டாம்மா?” என்றார்.

“துப்பாக்கிக்கு மட்டும் சார்” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். கரண்டி பிடிப்பதும் களைக்கொத்து பிடிப்பதும் வலது கையில்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

பங்குனிக் கடைசியில் கடலை பிடுங்கினோம். பெருச்சாளி தின்றது போக நிறையவே மிச்சம் இருந்தது. குண்டானில் அவித்து, தட்டு போன அத்தனை வீட்டுக்கும் அக்கா கொடுத்தனுப்பினார். நிலத்தை விற்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. கடைசி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அன்று சாயங்காலம், என் மனைவியைத் தனியாக அழைத்து, “டாக்டராண்ட போவணும், வர்றியா?” என்று கேட்டார்.

நானும் கூடப் போனேன். வலது மார்பில், அக்குளை ஒட்டிக் கட்டி. டாக்டர் அம்மா கோபப்படாமல்தான் கேட்டார். “முதல்ல எப்பம்மா கையில தட்டுப்பட்டுது?”

“வெத போட்டப்போ.”

“இப்பதான் காட்ட வர்றீங்களா?”

“இப்பதாம்மா கடலை புடுங்கினேன்.”

டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் நடந்தது உங்களில் பலர் பார்த்தது. அறுவை செய்தார்கள். ஊசிகள் போட்டார்கள். முடி கொட்டியபோது, “எண்ணெ மிச்சம்” என்றார். வலது கை வீங்கித் தூக்க முடியாமல் போனபோதும் நிலத்தைப் பற்றித்தான் கேட்டார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதைச் சொன்னேன். “கரை பத்திரம்” என்றார். அவர் தெளிவாகப் பேசியதில் கடைசி அதுதான். மூன்றாம் நாள் விடியற்காலையில், என் மனைவியின் மடியில் தலை வைத்தபடி, அக்கா எங்களை விட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க மழையில் நனைந்துகொண்டு எங்கள் வாசலில் நின்ற ஊர்க்காரர்களுக்கும், மருத்துவமனையில் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்ட உறவினர்களுக்கும், அக்காவின் வலியைத் தன் வலிபோலப் பார்த்த டாக்டர் அம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த காலனிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டது. பந்தல் பிரித்த பிறகும் தினமும் காலையில் எங்கள் நிலத்துப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகிற சாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்த நினைவு மலரோடு உங்கள் கைக்கு வந்திருக்கும் கடலைப் பொட்டலம், அக்கா எடுத்து வைத்திருந்த விதையில் விளைந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லோருமாகச் சாப்பிடுங்கள்.

இனி அந்தக் கடைக்கு வருகிறேன். எனக்கு ஏத்த மாரி ஒண்ணு குடுங்க என்று அக்கா கேட்டதும், கடைக்காரர் உள்ளே போய், எடை குறைந்த, மரக்கட்டை போட்ட ஒரு சாதாரணத் துப்பாக்கியை எடுத்து வந்தார். அக்கா அதன் கட்டையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக் குழலை மடக்கினார். மடங்கியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெறும் சுவரைப் பார்த்து நின்று, அதை வலது தோளுக்குக் கொண்டுபோனார். தோளில் படுவதற்கு முன்னால் நிறுத்தினார். இடது தோளுக்கு மாற்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.