உத்தரவு கேட்கும் காது

வேங்கிக்கால் போகிற சாலையோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். புது வண்டி வாங்கினால் ஊரே அங்கேதான் பூஜைக்கு வரும். அதற்குப் பிள்ளையார் பாதிக் காரணம், சுந்தரேஷ் குருக்களின் வலது காது மீதிக் காரணம்.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்ததும், "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்பார். பானெட்டில் காதை வைப்பார். எஞ்சின் உறுமலுக்குள் அவருக்கு மட்டும் ஏதோ கேட்கும். "உத்தரவாயிடுத்து" என்று நிமிர்ந்தால்தான் சக்கரம் உருளும். ஒருமுறை உத்தரவு வராமல் ஒரு செங்கல் லாரி சாயங்காலம் வரை வெயிலில் தவம் கிடந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான் சோதனை வந்தது. லாட்ஜ் அன்பரசன் மின்சார சொகுசுக் கார் ஒன்றைச் சென்னையிலிருந்து இறக்கியிருந்தார். எதிர் டீக்கடை அதற்குள் இரண்டு கட்சியாகிவிட்டது. டீசல் காலம் முடிந்தது என்றது ஒன்று. இது சும்மா பவுசு என்றது மற்றொன்று. அன்பரசன் தீர்ப்பைப் பிள்ளையாரிடமே விட்டிருந்தார். உத்தரவு வந்தால் பழைய டீசல் காரை விற்றுவிடுவார்.

குருக்கள் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"ஸ்டார்ட்லதான் கீது சாமி" என்றார் அன்பரசன்.

குருக்கள் காதை வைத்தார். கல்லில் வைத்தது போலிருந்தது. கேட்கவில்லை என்றால் காது போய்விட்டது என்பார்கள். கேட்டது என்று பொய் சொன்னால், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பிள்ளையார். அப்போது ஆழத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய ஓசை வந்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உத்தரவாயிடுத்து."

டீசல் கார் அந்த வாரமே கைமாறியது.

அடுத்த முகூர்த்தத்தில் அன்பரசன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கீழ்பென்னாத்தூர் வழியாகத் திரும்பினார். சார்ஜ் கம்மி என்று கார் திரையில் சிவப்பாகக் கெஞ்சியது. பிள்ளையாரே உத்தரவு கொடுத்த வண்டிக்குத் திரை என்ன புத்தி சொல்வது? அவர் மதிக்கவில்லை. வயற்காட்டு நடுவில் கார் நின்றது. கடைசியில் கடலை மூட்டை ஏற்றிவந்த ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த டிராக்டருக்கும் உத்தரவு கேட்டுச் சொன்னவர் குருக்கள்தான்.

ஊர்வலம் கோயில் வாசலில் நின்றது. டீக்கடை மொத்தமும் எழுந்து நின்று தரிசித்தது. அன்பரசன் இறங்கிவந்து, யார் காதிலும் விழாமல் கேட்டார்.

"சாமி, அன்னிக்கு நெசமாவே என்னா கேட்டுச்சு?"

வாய்க்கு வந்த பொய்யைக் குருக்கள் பிள்ளையாரைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"இத்தனை நாளா அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன். ஏசி சத்தம்னு நெனைக்கறேன்."

"டீசல் வண்டிய வித்துட்டனே சாமி" என்றார் அன்பரசன். பிறகு டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இத வெளிய சொல்லிடாதீங்க. உங்களவிட எனக்குத்தான் மானம் ஜாஸ்தி போவும்."

ரகசியம் காப்பாற்றப்பட்டது. குருக்களின் தூக்கம்தான் போயிற்று. எஞ்சின் காலத்திலும் கேட்டது வெறும் எஞ்சின்தானோ என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது.

மறுவாரம் ஒரு பல் டாக்டரம்மா அதே ரகக் காரோடு வந்தார். எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் முறைப்படி ஆயின. குருக்கள் பானெட்டருகே போய் நின்றார்.

"ஏசியை அணைச்சுடுங்கோ" என்றார்.

காதை வைத்தார். டாக்டரம்மா காத்திருந்தார். டீக்கடையும் காத்திருந்தது. குருக்கள் நிமிரவேயில்லை.