மாடு மேய்ந்த மூலை

நேற்று என் மகள் கேட்டது சாதாரணக் கேள்விதான். பழைய பெயின்ட் வாளியில் அவள் வளர்க்கும் பருத்திச் செடியில் மேல் இலைகள் விரல் விரலாகப் பிரிந்திருக்க, அடியில் ஒன்று மட்டும் வெட்டே இல்லாமல் முழுதாக இருந்தது. "அம்மா, இது மட்டும் வேற மாதிரி இருக்கு. பிச்சிடட்டுமா?" என்றாள். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். மகள் தண்ணீர்க் குவளையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். ஓர் இலைக்கு ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செய்யூர்ப் பக்கம். அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வருடம்தான் ஒருவர் ஓர் ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். போட்டது விதைப் பருத்தி. விதைக்கு விடும் வயலில் ஒரே இனம்தான் நிற்க வேண்டும். வேறு இனம் கலந்து முளைத்தால் அதற்குக் கலவன் என்று பெயர். விதை அதிகாரி பார்க்க வருமுன் கலவனை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அவர் வயலைப் பார்த்துத் திருப்தி சொன்னால் அடுத்த வருடமும் நிலம் எங்களுக்கு. அதுதான் பேச்சு.

எங்கள் பருத்தியின் இலை வெண்டை இலைபோல ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். கலவனுக்கு வாத்துக் கால் மாதிரி அகல இலை. அதிகாரி வரும் நாள் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் என்னையும் வரிசையில் இறக்கினார்கள். அப்பா தாண்டிப் போன இரண்டு செடிகளை நான் பின்னாலிருந்து பிடுங்கிக் காட்டினேன்.

"இன்னாண்ணா, நீ வுட்டுட்டுப் போறத உம் பொண்ணு புடுங்கிகினு வரா! எம் மருமவளுக்கு இருக்கறது கண்ணு இல்ல, கேமரா" என்றார் அத்தை.

"பேசிகினே நீ ரெண்ட வுட்டுட்ட, அதப் பாரு" என்று அப்பா சிரித்தார்.

கேமரா என் தலைக்கு ஏறிவிட்டது.

பெரியவர்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்ததும் நான் மட்டும் சவுக்குத் தோப்பை ஒட்டிய கடைசி மூலைக்குப் போனேன். சாண் உயரச் செடிகள், நூற்றுக்கணக்கில். ஒன்றிலும் விரல் இல்லை. எல்லாம் பூவரசு இலை மாதிரி முழு இலை. இவ்வளவு கலவனையும் எப்படி விட்டுவிட்டார்கள்? ஈர மண்ணில் இழுத்தவுடன் வந்தது. ஒன்று விடாமல் பிடுங்கி, வேர்கள் ஒரே பக்கம் இருக்கும்படி வரப்பில் அடுக்கி வைத்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

முதலில் வந்தது அம்மா. வரப்பைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். சேற்றில் உட்கார்ந்தார். ஒரு செடியை எடுத்துப் பழைய குழியில் நட்டு மண்ணை அழுத்தினார். பிறகு இன்னொன்று. "புடுங்குன பருத்தி புடிக்காது, எய்ந்துருடி" என்று அத்தை தோளைப் பிடித்து இழுத்தும் கை நிற்கவில்லை.

மழையில் அழுகிப்போன மூலை அது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நாட்களில் அம்மா மறுபடி விதை ஊன்றி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து எழுப்பியது. எங்கள் பருத்தியேதான். அப்பா என்னை இழுத்துப்போய் வளர்ந்த செடி ஒன்றின் அடியை விலக்கிக் காட்டினார். கீழே உதிரப்போகும் மஞ்சள் இலை, பூவரசு மாதிரி முழுதாக. அதற்கு மேல் லேசாக வெட்டுப்பட்டது ஒன்று. அதற்கும் மேலேதான் விரல்கள். எல்லாம் ஒரே தண்டில். காலை முழுக்க அந்தச் செடிகளைத் தாண்டித்தான் நடந்திருந்தேன்.

சிறிது நேரத்தில் அதிகாரியும் நிலக்காரரும் வந்தார்கள்.

"இன்னாபா இது, மூலை மொட்டையா கீது?" என்றார் நிலக்காரர்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மாடு பூந்துட்ச்சிங்க" என்றார் அப்பா. "நான்தான் அசந்துட்டேன்."

"ஒரு மாட்ட தொரத்த துப்பில்ல. உன்ன நம்பி நெலத்தக் குட்த்தேன் பாரு."

அப்பா தலை குனிந்துகொண்டார். அதிகாரி வரப்பிலிருந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என் மண் அப்பிய கைகளைப் பார்த்தார். மிச்ச வயலில் கலவன் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். நிலக்காரருக்கு அது போதவில்லை. மறு வருடம் அந்த நிலத்தில் வேறொருவர் ஏர் பூட்டினார். அம்மா அதே வயலுக்குக் களை பறிக்கக் கூலிக்குப் போனார். காவல் காக்கத் தெரியாதவன் என்ற பேர் அப்பாவுக்கு ஊரில் நெடுநாள் நின்றது.

அன்று எனக்கு அடி விழவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவே இல்லை. இரவில், எங்களிடம் மாடே கிடையாதே, அப்பா யாருடைய மாட்டைச் சொன்னார் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.