குலைக்கடை மாடியில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்

டுடோரியல் வாத்தியார் தொழிலுக்குப் பெரிய புலமை ஒன்றும் தேவையில்லை, மாணவரைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும். அந்த ஒரு பாடம் முன்னால் இருப்பதற்குள் மனிதன் படுகிற அவஸ்தை இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுத்துச் சோறு தின்றவர்களும் சிலர் இருப்பீர்கள், வெளியே சொல்லமாட்டீர்கள். நான் இரண்டு கட்சியிலும் அங்கத்தினன். ஆகவே நம்மவர் என்று நினைத்துக் கேளுங்கள்.

வந்த சரக்கைத் திருப்பாதே

எங்கள் சீமை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். தக்கலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்குலை மொத்தக் கடை, அதன் மாடியில் எங்கள் டுடோரியல். பிரின்சிபால் நீலகண்ட பிள்ளை முன்பு ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வந்த வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது ஜவுளிக்கடையில் அவர் கற்ற பாடம். துணிக்குச் சரிப்பட்ட கொள்கை கல்விக்கும் சரிப்படும் என்று நம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கபாய் டீச்சர் படியேறி வந்தார். மிஷன் பெண்கள் பள்ளியில் வெகுகாலமாகக் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டியவர். அந்தப் பள்ளித் தலைமையாசிரியை அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். டீச்சருக்கு பி.ஏ. இருந்தால் நாற்காலி டீச்சருக்கு. இல்லாவிட்டால், அவரிடமே வாய்ப்பாடு படித்து, இப்போது பி.ஏ. முடித்து அதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு. பிரைவேட்டாகப் பரீட்சை எழுதி மற்ற எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்ட டீச்சர், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்ற ஒரே பேப்பரில் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தார். இந்தத் தடவையும் கவிழ்ந்தால், சொந்த மாணவிக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்.

விசேஷம் என்னவென்றால், என்னுடைய பி.ஏ.விலும் பாக்கி நின்றது அதே பேப்பர்தான். கல்லூரியில் அந்தப் பாடம் நடந்தபோது டைபாய்டு காய்ச்சலில் கிடந்தேன். பாடம் முடிந்த பிறகு எழுந்து உட்கார்ந்தேன். பிரின்சிபாலைத் தனியே அழைத்து, எனக்கு அதில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் டீச்சருக்கு வகுப்பு நேரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவிய சனிக்கிழமைதானே வாராவ. இன்னைக்குச் செவ்வாதான் ஆச்சு. அதுக்குள்ள படிச்சுக்கிட மாட்டீரா வேய்?"

பாகப்பிரிவினை

சனிக்கிழமைக்குள் முதல் அதிகாரத்தைக் கரைத்துக் குடித்தேன். ஜீரணமாகவில்லை. அதுவரை நான் போட்ட கணக்குகளில் விடை என்றால் ஓர் எண். ஏழு என்று வரும், பதினெட்டரை என்று வரும், அடியில் இரண்டு கோடு கிழித்துவிட்டு எழுந்து போகலாம். இங்கேயோ ஒரு ஈக்வேஷனுக்கு விடை தேடினால் இன்னொரு ஈக்வேஷன் வந்து நிற்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

முதல் வழிமுறை, எக்ஸ் சம்பந்தப்பட்டதை ஒரு பக்கமும் ஒய் சம்பந்தப்பட்டதை மறுபக்கமும் ஒதுக்குவது. டீச்சர் கை தூக்கினார். "டி.ஒய். பை டி.எக்ஸ்.ங்கது ஒத்தை உருப்படி, பிரிக்கப்படாதுன்னுதானே இதுவரைக்கும் படிச்சோம்? இப்போ டி.எக்ஸை மட்டும் தூக்கி அந்தப் பக்கம் வைக்கியளே சாரே?" நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஏன் பிரிக்கக்கூடாது என்பதும் தெரியாது, இப்போது ஏன் பிரிக்கலாம் என்பதும் தெரியாது. "இந்தப் பேப்பரில் பிரிக்கலாம்" என்று உத்தரவு கொடுத்தேன். பிரித்துவிட்டால் பிறகு எல்லாம் சுலபம் என்று குரலை உயர்த்தியும் சொன்னேன். சந்தேகம் உள்ள இடத்தில் குரலை உயர்த்துவது எங்கள் தொழில் வழக்கம்.

மாடியின் தளம் பலகை. என் குரல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. குலைக்கடைச் செல்லையா அண்ணாச்சிக்கும் அவர் தம்பிக்கும் தகப்பனார் சொத்தில் பாகவழக்கு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்து இறங்கியபோது அவர் ரசகதலிக் குலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டபடி சொன்னார். "பிரிச்சாச்சுன்னா பொறவு எளுப்பம்னு எங்க வக்கீலும் சொன்னாரு சாரே. பிரிக்கதுக்குள்ள எனக்க தலை நரைச்சாச்சு."

அச்சுப்பிழை

பாடப்புத்தகத்தின் பின்னால் விடைகள் இருக்கும். நான் போட்ட விடை அதோடு பொருந்தாமல் போனால் என்ன செய்வது? இதற்கு டுடோரியல் உலகம் கண்டுபிடித்த மருந்து 'அச்சுப்பிழை'. புத்தகம் போட்டவன் லண்டனில் இருக்கிறான், தக்கலைக்கு வந்து சண்டை பிடிக்கப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை முதல் கணக்கு பொருந்தவில்லை. அச்சுப்பிழை என்றேன். இரண்டாவதும் பொருந்தவில்லை. இந்தப் பதிப்பே மோசம் என்றேன். மூன்றாவது கணக்குக்கு லண்டன் அச்சாபீஸ்களின் அலட்சியத்தைப் பற்றிச் சிறு பிரசங்கம் செய்தேன். டீச்சர் என் கரும்பலகையையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொகை காணும்போது, அதாவது இன்டக்ரேஷன் போடும்போது, கடைசியில் ஒரு மாறிலி சேர்க்க வேண்டும், அதற்கு 'சி' என்று பெயர் வைப்பது வழக்கம் என்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். டீச்சர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "எல்லா அச்சுப்பிழைக்கும் கடைசியில ஒரு 'சி' வருது, பாத்தியளா சாரே?"

காப்பியும் மெத்தடும்

பிறகு வந்தது இரண்டாம் வரிசை ஈக்வேஷன். இதற்குப் புத்தகம் சொன்ன வழி எனக்கே திடுக்கென்றது. விடை இன்ன மாதிரி இருக்கும் என்று முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். பிறகு அதை ஈக்வேஷனுக்குள் போட்டுச் சரிபார்க்க வேண்டுமாம்.

"விடை இதுதான்னு கணக்கு போடுகதுக்கு முன்னாலே எப்படித் தெரியும்?" என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. முன்னே ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார், சரியாக வந்திருக்கிறது, அதனால் நாமும் அப்படியே வைத்துக்கொள்கிறோம் என்றேன். அன்று நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். ஓலைத்தட்டிக்கு அப்புறம் இங்கிலீஷ் வகுப்பு. அதன் வாத்தியார் ஆறுமுகப் பெருமாள், மாணவர்களுக்கு இலக்கணப் பயிற்சி கொடுத்துவிட்டு எங்கள் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். தட்டிக்கு மேலே தலை தெரிந்தது. "எனக்க கிளாஸ்ல ஒரு பய இப்படிச் செய்தா அதுக்குக் காப்பின்னு பேரு. உமக்க பாடத்துல மெத்தடு. கொள்ளாம் வேய்."

வற்றாத அணை

எப்போது புரியத் தொடங்கியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் பின்பக்கம் புரட்டாமலே ஒரு கணக்கு போட்டேன். புரட்டிப் பார்த்தேன், விடை அப்படியே இருந்தது, 'சி' உட்பட. டீச்சரும் தன் சிலேட்டில் தனியாகப் போட்டு அதே விடைக்கு வந்திருந்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இரண்டு பேரும் வாத்தியார்கள் என்பதால் உடனே அடுத்த கணக்குக்குப் போய்விட்டோம்.

அந்தத் தைரியத்தில் நானே ஒரு கணக்கு கட்டினேன். பேச்சிப்பாறை அணையில் மழை நின்றுவிட்டது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் வெளியே போகிறது. அணை எப்போது வற்றும்? போட்டுப் பார்த்தால் குறைந்துகொண்டே போகிறதே தவிர வற்றவே மாட்டேன் என்கிறது. கணக்குப்படி அது கடைசிவரை வற்றாது என்று பலகையில் அடித்துச் சொன்னேன். கீழே இருந்த செல்லையா அண்ணாச்சிக்கு வாய்க்காலின் கடைக்கோடியில் வயல். அந்த வருஷம் தண்ணீர் எட்டாமல் நெல் கருகியிருந்தது. மனுஷன் படியேறியே வந்துவிட்டார். "அதை அப்படியே ஒரு கடலாசுல எழுதித் தாரும் சாரே. வாய்க்கா பாக்க வாற ஓவர்சியர் மூஞ்சிக்கு நேரே நீட்டணும்."

நிச்சயக் கேள்விகள்

டுடோரியல் என்பது ஜோசியத்தில் பாதி. பரீட்சை நெருங்கியதும் 'நிச்சயமாக வரும் கேள்விகள்' என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காத டுடோரியலுக்கு அடுத்த வருஷம் ஆள் வராது. பழைய கேள்வித்தாள்களைப் பரப்பிவைத்து, எது எந்த வருஷம் வந்தது, எது தூங்குகிறது என்று நாடி பிடித்துப் பார்த்தேன். இரண்டு ஈக்வேஷன்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வரும் ஓர் அதிகாரம் உண்டு. நாங்கள் அதை ஜோடி அதிகாரம் என்போம். போன வருஷம் அதிலிருந்து நிறைய வந்துவிட்டது. எனவே இந்த வருஷம் வராது. இதில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. போதாக்குறைக்கு அந்த அதிகாரம் எனக்குப் புரியவுமில்லை.

ஜோடி அதிகாரத்தைத் தள்ளிவிடலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். வாத்தியார் ஒரு பாடத்தைத் தள்ளலாம் என்றால் மாணவர் முகம் மலர வேண்டும், அதுதான் உலக வழக்கம். டீச்சர் முகம் வாடியது. அவர் சொன்னது: "எங்க வீட்டு ஜெபத்துல வேதம் வாசிக்கும்போ ஒரு அதிகாரத்தையும் தாண்டப்படாது சாரே. இன்னாருக்க மகன் இன்னாருன்னு பேரு மட்டும் வரிசையா வரும். அதையும் முழுக்க வாசிச்சு முடிச்சாத்தான் எங்கப்பா கஞ்சி ஊத்தச் சொல்லுவாரு. எனக்குத் தாண்டிப் படிச்சுப் பழக்கம் இல்ல."

பல்லி சொன்ன பலன்

நானும் அதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். டீச்சர் வழி நெடுக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜோடி அதிகாரத்தைப் படித்துக்கொண்டு வந்தார். பாவம், வீண் வேலை என்று எனக்கு இரக்கமாக இருந்தது. நான் என் பட்டியலை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அல்வாக் கடைக்காரன் தன் கடை அல்வாவைத் தின்னமாட்டான் என்பார்கள். நான் தின்றேன்.

கேள்வித்தாளைப் பிரித்தால், கட்டாயம் எழுத வேண்டிய முதல் கேள்வியே ஒரு ஜோடி. திருப்பினால் அங்கே இன்னொரு ஜோடி கைகோத்துக்கொண்டு நிற்கிறது. என் பட்டியலில் இருந்தவை ஒன்றிரண்டு மூலையில் ஒதுங்கியிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வரிசை முன்னால் டீச்சரின் முதுகு தெரிந்தது. அது அசையவே இல்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ரிசல்ட் மலையாளப் பத்திரிகையில் வந்தது. டீச்சர் நம்பர் இருந்தது. என் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தியதும் பிந்தியதும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. பிரின்சிபால் துக்கம் கேட்கவில்லை. 'எங்கள் மாணவி தேறினார்' என்று வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். வாத்தியார் தேறவில்லை என்பதற்குப் பலகையில் இடமில்லை. ஆறுமுகப் பெருமாள் மட்டும் என் தோளில் கை வைத்தார். "ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. விடும் வேய், நீர் சொன்ன பல்லி, அவ்வளவுதான்."

தலைமையாசிரியை அறை

பள்ளி திறந்து சில வாரம் கழித்து டீச்சர் ஆளனுப்பினார். போனேன். அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வாய்ப்பாடு படித்த பெண் ஒரு கட்டு நோட்டுகளை மேஜையில் வைத்து, எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கூடவே, மேஜைக்கு எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கு ஒரு கணக்கு சார் வேண்டும், நிர்வாகம் பி.ஏ. இல்லாமல் ஒப்புக்கொள்ளாது என்றார். நான் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். நான் வகுப்பில் அடித்த கூத்தெல்லாம் அவருக்குத் தெரியாதா? ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த பரீட்சை வரைக்கும் அந்த எடத்தை நான் நிரப்பாம வச்சிருக்கேன். இந்தப் பாடத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதான் சாரே, ஜோடி அதிகாரம் ஒண்ணைத் தவிர. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்க. அதை நான் சொல்லித் தாறேன்."

கல்வி கொடுக்கக் குறையாது என்பார்கள்; நான் கொடுத்தது அரைகுறை, திரும்பி வந்துதான் அது முழுசாயிற்று.