அடுத்த வியாழக்கிழமை

இராஜபாளையத்தில் பால்பாண்டியின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு போனால் அது அவர் குரல்தான். காலையில் ஒரு கட்சியை வாழ்க என்பார், மதியம் அதே கட்சியைக் கிழிகிழியென்று கிழிப்பார். மனசாட்சியை மைக்குக்கு வெளியே வைத்துவிட்டார் என்று கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார்.

சென்ற வருடம் ஓர் அலுவலகம் (எது என்று சொன்னால் எனக்கும் நோட்டீஸ் வரும்) ஓடைக்கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை எழுதி அவரிடம் கொடுத்தது. தாளில் தேதி இருந்தது. தேதி யார் காதிலும் நிற்காது என்று, அவராகவே "அடுத்த வியாழக்கிழமை" என்று மாற்றிப் பதிவு செய்தார். ஆட்டோ போனது செவ்வாய்க்கிழமை. கரையில் இருந்தவர்கள் அடுத்த வார வியாழன் என்று எடுத்துக்கொண்டார்கள். தாளில் இருந்த தேதிப்படி இரண்டே நாளில் ஜேசிபி வந்துவிட்டது.

பேண்டேஜ் கம்பெனி வேலையிலிருந்து வெள்ளத்தாய் ஓடி வந்தபோது, படுத்த படுக்கையாயிருந்த கணவர் ஐயாதுரை கட்டிலோடு தெருவில், வெயிலில் கிடந்தார். நான்காம் நாள் இறந்துபோனார்.

பால்பாண்டி அந்தப் பதிவை அழித்துவிட்டார். ஆனால் காதை விட்டு அது போகவில்லை. மின்விசிறி சுற்றினாலும் பஸ் உறுமினாலும் அடியில் அவர் குரலே அவருக்குக் கேட்டது. வியாழக்கிழமைகளில் வாயே திறக்க மாட்டார். பாவம், துரும்பாக இளைத்துவிட்டார்.

முறையான அறிவிப்பு தரவில்லை என்று வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அலுவலகத்தின் சாட்சி பால்பாண்டி.

"தேதியச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி. எலெக்சன் வேலை அம்புட்டும் ஒங்களுக்குத்தான்" என்றார் அலுவலகத்திலிருந்து வந்த ஆள். சொல்லாவிட்டால் இனி மைக் கிடையாது என்பது புரிந்தது. பால்பாண்டி சரி என்றே சொல்லி அனுப்பினார்.

நானும் துணைக்குப் போயிருந்தேன். கூண்டில், என்ன அறிவித்தீர்கள் என்று கேட்டார்கள். வாயைத் திறந்ததும் அந்த மைக் குரலே வந்தது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு..." என்று தொடங்கி, "அடுத்த வியாழக்கிழமை" வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பிறகு, "தேதி சொல்லலய்யா. நாந்தான் மாத்துனேன்" என்றார்.

வராந்தாவில் வெள்ளத்தாய் வழிமறித்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் பயந்தேன்.

"இன்னும் ஒரு வாரம் கெடக்குன்னு அவியகிட்டச் சொல்லிட்டுத்தான் அன்னைக்கு வேலைக்குப் போனேன். தேதி சொன்னோம், நீதான் சரியாக் கேக்கலைன்னு ஆபீசுல அடிச்சுச் சொன்னாவ. நாந்தான் அவியளக் கொன்னுட்டேன்னு இத்தன நாளா இருந்தேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."