குலைக்கு அடியில்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் நாங்கள் ஆறு பேர் கெட்ட கனவுகள் போன்ற கலைப்படைப்புகளைக் கண்காட்சிக்கு வைத்தோம். நான் செய்தவை பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகள். பழங்களுக்குப் பதில் மனித முகங்கள். வாசலுக்குப் போகும் வழியெங்கும் தலைக்கு மேலே தொங்கின. எல்லோரும் அடியில் நின்று படமெடுத்தார்கள்.

காவலுக்கு இருந்தவர் மட்டும் உள்மூலை நாற்காலியை விட்டு அசையவில்லை. நரைத்த கிருதா, ஒருபக்கம் சாய்ந்த கழுத்து. அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்.

“சாப்பிடப் போகலையாண்ணே?”

“இதுக்கு அடியிலதானே போவணும் தங்கச்சி? முப்பது வருசம் பழம் வெட்டுனவன். தலையில விழுந்தா ஆள் காலி.”

“உள்ளே வெறும் பஞ்சுண்ணே.”

“எனக்குத் தெரியும்லா. கழுத்துக்குத் தெரியலையே.”

“அப்ப வீட்டுக்கு?”

“மூடுனதும் ஒரே ஓட்டந்தான்.”

அவருக்குச் சோற்றுப் பொட்டலம் வாங்கிவரக் கிளம்பினேன். நானே தைத்த குலைகள்தான். இருந்தும், வாசலைத் தாண்டும்வரை என் கை பிடரியை விட்டு இறங்கவில்லை.