இடக்கைக்காரரைப் பார்க்கப் போன ஞாயிறு

லா சப்பலில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு ஒரு சனிக்கிழமை ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். எழுபது வயதிருக்கும். கண்ணாடி உடைந்த போனை நீட்டியவர், எனக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்த கிரிக்கெட் மட்டையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பாரிசில் இதை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்று தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் கேட்டார்.

"விளையாடுகிறோம், மதாம். ஞாயிறுதோறும், கார்ஜ் என்ற ஊர் மைதானத்தில்."

நான் கண்ணாடி மாற்றி முடிப்பதற்குள் தன் பாட்டனாரின் தம்பி கதையைச் சொல்லிவிட்டார். இறைச்சிக்கடைக்காரர் மகன். இடக்கை ஆட்டக்காரர். தங்கள் கவுண்டி அணிக்கு மூன்று கோடைகள் ஆடினார். ஒருமுறை நூறுக்கு இரண்டே ஓட்டம் இருக்கையில் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். "நூறு அடுத்த கோடையில்" என்றாராம். அந்தக் கோடையில் முதல் உலகப் போர் வந்தது. போர்முனைக்குப் போனவர், ஓய்வு நாட்களில் பிரெஞ்சுச் சிறுவர்களுக்குப் பலகைத் துண்டால் ஆடக் காட்டுவதாகவும், அவர்கள் நன்றாக அடித்துவிட்டு ஓட மறுப்பதாகவும் எழுதினார். பிறகு கடிதம் வரவில்லை. பாரிசுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் அவர் கல்லறை இருக்கிறது. குடும்பத்தில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. மறுநாள் இவர் தனியாகப் போகிறாராம்.

எங்கள் கடை முதலாளிதான் எங்கள் அணித் தலைவரும். அவரிடம் சொன்னேன்.

"தனியவோ? எங்கடை வானுக்கை இடம் கிடக்குத்தானே. கேட்டுப் பார்."

"நாளைக்கு மட்ச் இருக்கெல்லே அண்ணை."

"மட்ச் எங்கையும் விளையாடலாம். மட்டையளையும் ஏத்து."

வேனில் ஒன்பது பேர் போனோம். முன்னிருக்கையில் அந்த அம்மா. உறைப்பில் கண் கலங்கக் கலங்க நாங்கள் கொண்டுபோன மீன் றோல்ஸ் மூன்று சாப்பிட்டார்.

வெள்ளைக் கல்லில் பெயரும் படைப்பிரிவும் வயதும் இருந்தன. இருபத்து நான்கு. கிரிக்கெட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அம்மா கல்லில் கை வைத்து நெடுநேரம் நின்றார். நாங்கள் தொப்பிகளைக் கழற்றினோம். பிறகு திரும்பிச் சொன்னார்: "நான் பந்து போட வேண்டும்."

எதிரே ஊர்க் கால்பந்துத் திடல் காலியாகக் கிடந்தது. அதில் குச்சிகளை நட்டோம். அவர் கோட்டைக் கழற்றி எங்கள் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, கையைத் தாழ்த்தி உருட்டினார். நான் சிரித்தபடி மட்டையை வீசினேன். பந்து புல்மேட்டில் பட்டுத் திரும்பி நடுக்குச்சியைச் சாய்த்தது.

"அவுட்டடா, போ," என்றார் அண்ணை. அதற்குப் பிறகு யாராலும் அந்த அம்மாவை நிறுத்த முடியவில்லை.

டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர் என்ன இது என்று கேட்டார்.

"கிரிக்கெட், மிசியூ."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"சிலவேளை ஐந்து நாள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். எஞ்சினை அணைத்தார். ரப்பர் பூட்சோடு இறங்கி எல்லையில் போய் நின்றார். அண்ணை வானத்துக்குத் தூக்கி அடித்த பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், பந்தோடு திடலின் அந்தக் கோடிவரை ஓடி அதைக் கோலுக்குள் உதைத்தார்.

அந்த அம்மா புல்லில் உட்கார்ந்து எழும்ப முடியாமல் சிரித்தார். நாங்கள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கப் போய், கூடவே விழுந்தோம். பொழுது சாயும்வரை ஆடினோம். வென்றது யார் என்று திரும்பி வரும்போது தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை.